பயம், செய்தி, கண்காணிப்பு: குண்டு வெடிக்கும் நாளில் நாம் எதற்கெல்லாம் சம்மதிக்கிறோம்?

2024 மே 17 விடியற்காலை மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உலு திராம் காவல் நிலையத்துக்குள் புகுந்த ஓர் இளைஞன் இரண்டு போலீஸ்காரர்களைக் கொன்றான். இன்னொருவர் காயமடைந்தார். தாக்கியவன் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டான். அன்றே ஐஜிபி எனப்படும் தேசியப் போலீஸ் படைத் தலைவர், இதில் ஜேமா இஸ்லாமியா என்ற பயங்கரவாத அமைப்பின் தொடர்பு இருக்கலாம் என்றார். மறுநாள் உள்துறை அமைச்சர், அவன் தனியாளாகச் செயல்பட்டவன் என்றார். அடுத்த மாதம் அவன் குடும்பத்தினர்மீது நீதிமன்றத்தில் ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) அமைப்பு தொடர்பான குற்றச்சாட்டுகள் வாசிக்கப்பட்டன. ஒரே சம்பவத்துக்கு ஒரு மாதத்தில் மூன்று விளக்கங்கள் வந்தன. கோலாலம்பூரில் காலை பேப்பரைப் புரட்டியவரும் வாட்ஸ்அப் குழுவில் செய்தியைத் தட்டிவிட்டவரும் குழம்பியதில் வியப்பில்லை.

2025 ஜூனில் வேறொரு குழப்பம் எழுந்தது. எம்சிஎம்சி எனப்படும் தொடர்பு, பல்லூடக ஆணையம் கைப்பேசி நிறுவனங்களிடம் வாடிக்கையாளர்களின் அழைப்பு, இருப்பிடத் தரவுகளைக் கேட்டது தெரியவந்ததும் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. சுற்றுலா, இணைய வசதி ஆகியவற்றுக்கான புள்ளிவிவரத்துக்குத்தான், பெயர் எதுவும் வராது என்று ஆணையம் விளக்கியும் பலர் ஏற்கவில்லை. இதே நாட்டில்தான் பாதுகாப்புக் குற்ற விசாரணைக்காக ஒருவருடைய தொலைபேசியை நீதிமன்ற ஆணை இல்லாமலே ஒட்டுக்கேட்க வழிசெய்யும் சட்டம் 2012 முதல் இருக்கிறது. அதைப் பற்றி இவ்வளவு பேர் வாய் திறந்ததில்லை.

பெயர் நீக்கிய புள்ளிவிவரத்துக்குக் கொதித்த அதே மக்கள், பேச்சையே கேட்கும் அதிகாரத்தை எப்படி அமைதியாக விட்டார்கள்? பயம் வேலை செய்யும் விதத்தை அடியிலிருந்து பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

முதலில் மூன்று சொற்கள்

அச்சுறுத்தல் உணர்வு. இதில் இரண்டு வகை உண்டு. "எனக்கோ என் பிள்ளைக்கோ ஏதாவது நடக்கும்" என்பது சொந்த அச்சம். "நாட்டுக்கு ஆபத்து" என்பது பொது அச்சம். சட்டங்களுக்கு ஆதரவு சேர்ப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். செந்தூலில் இருப்பவர் தன் வீட்டில் குண்டு வெடிக்கும் என்று நினைக்காமலே கடுமையான சட்டத்தை ஆதரிக்கலாம்.

கண்காணிப்பு. எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்குவதால்தான் விவாதம் பாதி நேரம் தடம் புரள்கிறது. குறைந்தது மூன்றாகப் பிரிக்க வேண்டும்: சந்தேகத்துக்குரிய ஒருவரை மட்டும் பின்தொடர்வது; எல்லாருடைய தரவையும் மொத்தமாகச் சேர்த்து அதில் ஆளைத் தேடுவது; தெருவில், ரயில் நிலையத்தில் கேமரா வைப்பது. முதல் வகை வேண்டாம் என்பவர் அரிது. சண்டை வரவேண்டியது இரண்டாவதிலும், முகம் அறியும் மென்பொருள் சேர்ந்தபின் மூன்றாவதிலும்தான்.

ஊடக நம்பிக்கை. "இந்தப் பத்திரிகை பொய் எழுதாது" என்பது ஒன்று. "இந்தப் பத்திரிகை அதிகாரத்தைக் கேள்வி கேட்கும்" என்பது வேறு. பயம் கூடும்போது முதலாவது ஏறுகிறது. இரண்டாவதை மக்கள் அந்த நேரத்தில் எதிர்பார்ப்பதே இல்லை.

பயம் மனத்தில் செய்யும் வேலை

1. எளிதில் நினைவுக்கு வருவது அடிக்கடி நடப்பதுபோலத் தோன்றும். 1973-இல் உளவியலாளர்கள் டிவர்ஸ்கியும் கானமனும் விளக்கிய மனப்போக்கு இது. சாலை விபத்துகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மலேசியர்களைக் கொல்கின்றன. ஆனால் மனத்தில் நிற்பது ஒரே இரவில் நடந்த ஒரு தாக்குதலின் காணொளிதான்.

2. வாய்ப்பு எவ்வளவு என்ற கணக்கு காணாமல் போகும். கொடூரம் பெரிதாக இருந்தால், அது நடக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றா கோடியில் ஒன்றா என்று மனம் பார்ப்பதில்லை. "ஒரு உயிரைக் காப்பாற்றினாலும் போதும்" என்ற வாதம் அப்போது எதையும் வெல்லும்.

3. ஆட்சியைச் சுற்றி மக்கள் திரள்வார்கள். 2001 செப்டம்பர் 11-க்கு முந்தைய கேலப் கருத்துக்கணிப்பில் அதிபர் புஷ்ஷுக்கு 51 விழுக்காடு ஆதரவு. அதே மாதக் கடைசியில் 90 விழுக்காடு. இடையில் நடந்தது அந்தத் தாக்குதல்.

4. அச்சுறுத்தல் உணர்வும் பதற்றமும் ஒன்றல்ல. அமெரிக்காவில் 2001-க்குப் பின் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. நாட்டுக்கு ஆபத்து என்று உணர்ந்தவர்கள் கண்காணிப்பையும் பதிலடியையும் ஆதரித்தார்கள். உள்ளுக்குள் பதறியவர்களோ இராணுவ நடவடிக்கைக்குத் தயங்கினார்கள். ஆகவே "மக்கள் பயந்துவிட்டார்கள், எதற்கும் சம்மதிப்பார்கள்" என்பது பாதி உண்மைதான்.

மீதிப் பாதியைச் சொல்வது டேவிஸ், சில்வர் என்ற இரு ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வு. அச்சம் கூடினால் உரிமைகளை விட்டுக்கொடுக்கும் மனம் கூடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். ஆனால் அரசை நம்பாதவர்களிடம் அந்த விளைவு மிகக் குறைவு. கறுப்பின அமெரிக்கர்கள் மற்றவர்களைவிடத் தயங்கினார்கள். அவர்களுக்கு வீரம் அதிகம் என்பதோ பயம் குறைவு என்பதோ காரணமல்ல. போலீஸ் அதிகாரம் கூடினால் முதலில் யார் கதவு தட்டப்படும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

இன்னொரு எண்ணையும் பாருங்கள். பயங்கரவாதத்தைத் தடுக்க உளவு நிறுவனம் தொலைபேசிகளைக் கண்காணிப்பது ஏற்கத்தக்கதா என்று அமெரிக்கக் கருத்துக்கணிப்புகளில் கேட்டபோது, புஷ் ஆட்சியில் இருந்த 2006-இல் குடியரசுக் கட்சியினரில் 75 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள்; ஜனநாயகக் கட்சியினரில் 37. ஒபாமா ஆட்சியில், உளவு நிறுவனத்தின் முன்னாள் ஒப்பந்த ஊழியர் ஸ்னோடன் வெளியிட்ட செய்திகளுக்குப் பின், 2013 ஜூனில் அதே போன்ற கேள்விக்கு முறையே 52, 64. கேள்வியின் சொற்கள் சற்று வேறு என்றாலும், பெரிய மாற்றம் ஒன்றுதான். நாற்காலியில் இருந்தவர் மாறினார்.

கண்காணிப்பு பற்றிய கருத்து என்று நாம் எண்ணுவது பெரும்பாலும் இரண்டு கேள்விகளுக்கான பதில்: அதிகாரத்தில் இருப்பவரை நம்புகிறேனா? வலை வீசப்பட்டால் அது என்மேல் விழுமா? பயம் இவ்விரண்டையும் கேட்கவிடாமல் செய்கிறது. எம்சிஎம்சி விவகாரத்தில் பயம் இல்லை. சுற்றுலாப் புள்ளிவிவரம் யாரையும் நடுங்க வைக்காது. தவிரவும், வலை எல்லார்மேலும் விழுந்தது. அதனால் எல்லாரும் கேட்டார்கள். பாதுகாப்புச் சட்டத்தில் பயமும் இருந்தது, வலை "வேறு யாரோ" மேல் விழும் என்ற நம்பிக்கையும் இருந்தது.

முதல் 72 மணி நேரத்தில் செய்தி எப்படி உருவாகிறது

பயங்கரவாதச் செய்தியில் தொடக்கத்தில் ஒரே ஓர் ஊற்றுக்கண்தான்: போலீஸ். சம்பவ இடம் நாடாவால் அடைக்கப்பட்டிருக்கும். காயமடைந்தவர்கள் மருத்துவமனையில். கைதானவர்களுடன் குடும்பத்தாரே பேச முடியாது. நிருபருக்குக் கிடைப்பது போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானின் செய்தியாளர் கூட்டம் மட்டுமே. நம் தமிழ் நாளிதழ்களிலும் வானொலியிலும் ஆள் குறைவு. புக்கிட் அமானுக்கென்று தனி நிருபர் வைக்க முடியாத இடத்தில், அரசு செய்தி நிறுவனமான பெர்னாமாவின் செய்தியோ மலாய், ஆங்கில ஊடகச் செய்தியோ தமிழாக்கப்பட்டு வரும். "சந்தேகிக்கப்படுகிறது" என்ற சொல் மொழிமாற்றத்தில் செய்தியின் உள்பகுதியில் இருக்கும். தலைப்பில் இடம் போதாமல் விழுந்துவிடும். வாட்ஸ்அப்பில் போவது தலைப்பு மட்டும்.

போலீஸ் பொய் சொல்கிறது என்பதல்ல இதன் பொருள். முதல் நாளில் அவர்களுக்கும் முழு விவரம் தெரியாது. தவறு எந்தப் பக்கமும் சாயலாம் என்பதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள்:

- பூச்சோங், 2016 ஜூன் 28. மொவிடா கேளிக்கை மையத்தில் கையெறி குண்டு வீசப்பட்டு எட்டுப் பேர் காயமடைந்தார்கள். முதலில் பயங்கரவாதம் இல்லை, பகையாக இருக்கலாம் என்ற விளக்கம் வந்தது. ஜூலை 4 அன்று ஐஜிபி, இது ஐஎஸ் தாக்குதல்தான் என்று உறுதிசெய்தார். மலேசிய மண்ணில் ஐஎஸ் நடத்திய முதல் தாக்குதல் அது. இங்கே முதல் செய்தி ஆபத்தைக் குறைத்துக் காட்டியது.

- உலு திராம், 2024. மேலே சொன்னதுதான்: அமைப்பு, தனியாள், மீண்டும் வேறோர் அமைப்பின் சித்தாந்தம்.

- கொழும்பு, 2019 ஏப்ரல். ஈஸ்டர் ஞாயிறு தாக்குதல்களில் இறந்தோர் தொகை 359 என்று அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 25 அன்று சுகாதார அமைச்சு அதை ஏறத்தாழ 253 என்று குறைத்தது. சிதறிய உடல்களை எண்ணியதில் நேர்ந்த பிழை. அதே நாளில் தேடப்படுவோர் படங்களைப் போலீஸ் வெளியிட்டது. அவற்றில் ஒன்று, எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் அமெரிக்க முஸ்லிம் பெண்ணின் படம். போலீஸ் திருத்தம் வெளியிட்டது. அதற்குள் படம் உலகைச் சுற்றிவிட்டது.

கொழும்பில் கவனிக்க இன்னொன்று உண்டு. தாக்குதல் வரப்போகிறது என்ற எச்சரிக்கை இந்தியாவிடமிருந்து ஏப்ரல் 4-ஆம் தேதியே வந்திருந்தது. தகவல் இருந்தது, கையில் வைத்திருந்தவர்கள் செயல்படவில்லை. தாக்குதலுக்குப் பின் அரசு செய்த முதல் காரியங்களில் ஒன்று சமூக ஊடகங்களை முடக்கியது. தோல்வி நடந்த இடம் ஒன்று, கட்டுப்பாடு விழுந்த இடம் வேறு. பயத்தின் நாள்களில் இந்த இடமாற்றம் எல்லா நாட்டிலும் நடக்கிறது. அதைச் சுட்டிக்காட்டுவதே ஊடகத்தின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

ஊடக நம்பிக்கை ஏறும், பின் இறங்கும்

தாக்குதல் நடந்த வாரங்களில் மக்கள் ஊடகத்தோடு ஒட்டிக்கொள்வார்கள். அமெரிக்காவில் 2001 நவம்பரில் ஊடகங்கள்மேல் இருந்த மதிப்பு உயர்ந்ததைப் பியூ ஆய்வு மையம் பதிவுசெய்தது. 2002 கோடைக்குள் அது பழைய நிலைக்குத் திரும்பியது. 2004 மே 26 அன்று நியூயார்க் டைம்ஸ், ஈராக்கின் பேரழிவு ஆயுதங்கள் பற்றிய தன் செய்திகள் பலவற்றைப் போதிய அளவு சரிபார்க்காமல் வெளியிட்டதாக ஆசிரியர் குறிப்பு எழுதியது. அந்தச் செய்திகள் வந்தபோது வாசகர்களிடமிருந்து பெரிய அளவில் கேள்வி எழவில்லை. பிழை வெளிவந்தபோது அடி விழுந்தது ஊடகத்தின் மேல்.

மலேசியாவில் இந்த வளைவு வேறு மாதிரி. இங்கே அடித்தளமே வேறு. 1987 லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர், விசாரணையின்றித் தடுத்துவைக்கும் இசா (உள்நாட்டுப் பாதுகாப்பு) சட்டத்தில் கைதானார்கள். தி ஸ்டார், சின் சியூ ஜிட் போ, வத்தான் ஆகிய பத்திரிகைகளின் உரிமம் பறிக்கப்பட்டது. அச்சு உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் நிபந்தனை 2012 வரை நீடித்தது. தேசியப் பாதுகாப்புச் செய்தியில் பத்திரிகை அடக்கி வாசிக்கும் என்பதை ஒரு தலைமுறை வாசகர்கள் அறிந்தே வளர்ந்தார்கள். அந்த வெற்றிடத்தில்தான் முதலில் இணையச் செய்தித் தளங்களும் பிறகு வாட்ஸ்அப்பும் நுழைந்தன. பத்திரிகையை நம்பாதவர் எதையும் நம்பாதவர் ஆகிவிடுவதில்லை. குழுவில் மாமா அனுப்பிய குரல்பதிவை நம்புகிறவர் ஆகிவிடுகிறார். பயங்கரவாதச் செய்திக்கு இதைவிடப் பொல்லாத சூழல் இல்லை. அதிகாரபூர்வச் செய்தி மெதுவாகவும் மொட்டையாகவும் வரும். வதந்தி வேகமாகவும் விவரமாகவும் வரும்.

சட்டங்கள் உண்மையில் என்ன அனுமதிக்கின்றன

இசா சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்த இரண்டு சட்டங்களை வாசகர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள்.

சொஸ்மா எனப்படும் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம், 2012. இது விசாரணை நடைமுறைச் சட்டம். ஆள் இறுதியில் நீதிமன்றத்துக்கு வருவார். ஆனால் வரும் வழி வேறு:

1. வாரண்ட் இல்லாமல் கைது. முதலில் 24 மணி நேரம். பிறகு சூப்ரிண்டெண்டண்ட் அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரி 28 நாள்வரை நீட்டிக்கலாம். வழக்கமான கைதில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தித் தடுப்புக் காவல் கேட்பார்களே, அது இங்கே இல்லை.
2. கைதான செய்தியை உடனே நெருங்கிய உறவினருக்குச் சொல்ல வேண்டும். வழக்கறிஞரைச் சந்திப்பதை 48 மணி நேரம்வரை தள்ளிப்போடலாம்.
3. தொலைபேசி, கடிதம், இணையத் தொடர்பு ஆகியவற்றை இடைமறிக்க அரசுத் தரப்பு வழக்கறிஞரின் அனுமதி போதும், நீதிபதி தேவையில்லை. அவசரம் என்றால் உயர் போலீஸ் அதிகாரி முன் அனுமதியின்றியே தொடங்கி, பின்னர் தெரிவிக்கலாம்.
4. குற்றம் சாட்டப்பட்டபின் ஜாமீன் கிடையாது. 18 வயதுக்குக் குறைந்தோர், பெண்கள், நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. குற்றச்சாட்டு பயங்கரவாதப் பிரிவில் என்றால் அந்த விலக்கும் பொருந்தாது.

போட்டா எனப்படும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம், 2015. பூச்சோங் சம்பவத்துக்கு முன்பே, ஐஎஸ் பற்றிய அச்சம் ஏறிக்கொண்டிருந்த காலத்தில், 2015 ஏப்ரலில் மக்களவை நிறைவேற்றியது. இது தடுப்புக் காவல் சட்டம். முதலில் 21 நாள், பிறகு 38 நாள், ஆக 59 நாள் விசாரணைக் காவல். அதன்பின் ஒரு வாரியம் ஈராண்டு வரை தடுத்துவைக்க ஆணையிடலாம். அதைப் புதுப்பிக்கவும் முடியும். வழக்கு விசாரணை தேவையில்லை. வெளியே விட்டால் காலில் மின்னணுக் கண்காணிப்புக் கருவி மாட்டலாம்.

இவற்றோடு குற்றவியல் சட்டத்தின் 130ஜேபி பிரிவையும் கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். பயங்கரவாத அமைப்போடு தொடர்புடைய பொருளை வைத்திருப்பதே குற்றம். ஏழாண்டு வரை சிறை. கைப்பேசியில் உள்ள காணொளியும் பொருள்தான். குழுவில் வரும் எல்லாவற்றையும் தானாக இறக்கிச் சேமிக்கும் அமைப்பை வாட்ஸ்அப்பில் அணைத்துவைப்பது நல்லது. "பாருங்க எவ்வளவு கொடூரம்" என்று கண்டிக்கும் எண்ணத்தில் அனுப்பினாலும், பெறுபவர் கைப்பேசியில் அது கோப்பாகத் தங்கிவிடும்.

அதிகாரம் எப்படிப் பரவுகிறது

சொஸ்மாவின் 4-ஆம் பிரிவு, அரசியல் நம்பிக்கைக்காகவோ அரசியல் செயல்பாட்டுக்காகவோ மட்டும் யாரையும் கைது செய்யக்கூடாது என்று சொல்கிறது. 2016 நவம்பர் 18 அன்று, பெர்சே பேரணிக்கு முதல் நாள், அதன் தலைவர் மரியா சின் அப்துல்லா அதே சட்டத்தில் கைதாகி நவம்பர் 28 வரை காவலில் இருந்தார். தேர்தல் சீர்திருத்தம் கேட்ட பேரணி அது.

சட்டத்தின் அட்டவணையே பயங்கரவாதத்தோடு நிற்பதில்லை. திட்டமிட்ட குற்றக் கும்பல், மனிதக் கடத்தல் ஆகியவையும் அதில் உண்டு. குண்டர் கும்பல் வழக்குகளில் சொஸ்மாவில் அடைபட்டவர்களில் நம் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய தாய்மாரும் மனைவியரும் சுங்கை பூலோ சிறைக்கு வெளியே நின்று குரல் கொடுத்ததை நாம் செய்தியில் பார்த்திருக்கிறோம். குற்றவாளியா இல்லையா என்பது நீதிமன்றம் சொல்ல வேண்டியது. அதைச் சொல்லும் முன்பே மாதக்கணக்கில் ஜாமீன் இல்லாமல் கிடப்பது பயங்கரவாதப் பயத்தின் பெயரால் வந்த ஏற்பாடு. பயங்கரவாதமே இல்லாத வழக்கிலும் அது பொருந்துகிறது.

தமிழர் இதை இருமுறை பார்த்திருக்கிறோம்

மலேசிய இந்தியர் உரிமைக்காகக் குரல் கொடுத்த ஹிண்ட்ராஃப் இயக்கம் 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் நடத்திய பேரணிக்குப் பின், அந்த இயக்கம் பயங்கரவாத அமைப்புகளின் உதவியை நாடுகிறது என்று அன்றைய ஐஜிபி கூறினார். அவர் அப்படிக் கூறிய ஒரு வாரத்தில், டிசம்பர் 13 அன்று, ஐந்து தலைவர்கள் இசாவில் கைதாகிக் கமுந்திங் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். இசாவில் வழக்கு விசாரணை கிடையாது. ஆகவே அந்தக் குற்றச்சாட்டு எந்த நீதிமன்றத்திலும் சோதிக்கப்படவே இல்லை. செய்தியாக மட்டும் வாழ்ந்தது.

2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளுக்கு ஆதரவு என்று சொல்லி 12 பேர் சொஸ்மாவில் கைதானார்கள். இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள். ஈழப் போர் முடிந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. புலிகள் அமைப்பு 2014 முதல் மலேசியப் பயங்கரவாதப் பட்டியலில் இருந்தது. நவம்பர் 29 அன்று, இதே வழக்கில் ஒருவர் கேட்ட ஜாமீன் மனுவில், சொஸ்மாவின் ஜாமீன் தடைப் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று கோலாலம்பூர் உயர் நீதிமன்ற நீதிபதி நஸ்லான் தீர்ப்பளித்தார். 2020 பிப்ரவரி 21 அன்று சட்டத்துறைத் தலைவர் டாமி தாமஸ் பன்னிரண்டு பேர்மீதும் இருந்த குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார். கைப்பேசியிலும் முகநூலிலும் ஒரு தலைவரின் படத்தை வைத்திருப்பதே பயங்கரவாதச் செயல் ஆகிவிடாது என்பது அவர் சொன்ன காரணங்களின் சாரம்.

செய்தி நகர்ந்த விதத்தைக் கவனியுங்கள். கைது செய்தி முதல் பக்கத்தில், நாள்கணக்கில் வந்தது. விடுதலைச் செய்தி வந்த வாரத்தில் அரசாங்கமே ஆட்டம் கண்டு, நாட்டின் கவனம் முழுவதும் புத்ராஜெயாவில் இருந்தது. தமிழ் ஊடகங்களைப் படிப்பவருக்கு வழக்கு முடிந்தது தெரியும். மற்ற இனத்து நண்பர்களில் பலருக்குக் கைது மட்டுமே நினைவிருக்கும். ஒரே நாட்டில் ஒரே சம்பவம் பற்றி இரண்டு நினைவுகள் உருவாவது இப்படித்தான். "போலீஸ் சொன்னால் காரணம் இருக்கும்" என்பவருக்கும் "படம் வைத்திருந்ததற்கே பிடித்தார்கள்" என்பவருக்கும் கண்காணிப்பு பற்றிய கருத்து எப்படி ஒன்றாக இருக்கும்? நியாயமாகச் சொன்னால், இந்த அனுபவம் நம்மை எல்லாரையும்விட எச்சரிக்கையாக ஆக்கியிருக்க வேண்டும். ஆனால் வெளிநாட்டுத் தொழிலாளர்களோ வேறொரு சமூகத்தவரோ பிடிபட்டால், நம் குழுக்களிலும் தீர்ப்பு முதல் நாளே எழுதப்பட்டுவிடுகிறது. இது எனக்கு வருத்தம் தருகிறது.

கண்காணித்தால் பிடிபடுமா?

பாதுகாப்பா அந்தரங்கமா என்று தராசில் வைப்பதற்கு முன், பாதுகாப்பு உண்மையில் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2000 ஜனவரியில் அல்-காயிதா ஆள்கள் கோலாலம்பூருக்கு அருகே ஒரு கொண்டோமினியத்தில் கூடினார்கள். மலேசியப் போலீஸின் உளவுப் பிரிவான ஸ்பெஷல் பிராஞ்ச் அவர்களைக் கண்காணித்துப் படமும் எடுத்தது. இலக்கு வைத்த, சரியான கண்காணிப்பு அது. ஜனவரி 8 அன்று அவர்கள் பாங்காக் பறந்தார்கள். அங்கே தடம் தொலைந்தது. அவர்களில் ஒருவர் லாஸ் ஏஞ்சலிஸ் சென்றது மார்ச் மாதமே சிஐஏவுக்குத் தெரிந்தும், கண்காணிப்புப் பட்டியலில் பெயர் ஏறியது 2001 ஆகஸ்டில்தான். அந்தக் கூட்டத்துக்கு வந்த அல்-மிஹ்தாரும் அல்-ஹஸ்மியும் செப்டம்பர் 11 அன்று பெண்டகனில் மோதிய விமானத்தில் இருந்தார்கள். குறை, தரவு போதாமையில் இல்லை. இருந்த தகவல் உரிய கைக்குப் போகாததில் இருந்தது.

அதன்பின் அமெரிக்கா எல்லாருடைய அழைப்பு விவரத்தையும் மொத்தமாகச் சேர்த்தது. 2014-இல் அரசே அமைத்த மேற்பார்வை வாரியம், அந்தத் திட்டத்தால் முடிவு மாறிய பயங்கரவாத விசாரணை ஒன்றைக்கூடக் காட்ட முடியவில்லை என்று அறிக்கை தந்தது.

முகம் அறியும் கேமராவுக்கு வருவோம். பினாங்கில் 2019 ஜனவரியில் இந்த வசதியைச் சிசிடிவியோடு இணைத்துத் தொடங்கினார்கள். கணக்கு எங்கே உதைக்கும் என்று பாருங்கள்:

1. ஒரு ரயில் நிலையத்தை நாளொன்றுக்கு ஒரு லட்சம் பேர் கடப்பதாகக் கொள்வோம். தேடப்படுபவர்கள் அதில் 5 பேர்.
2. மென்பொருள் 99 விழுக்காடு சரி என்று வைத்துக்கொள்வோம். 5 பேரையும் பிடித்துவிடும்.
3. மீதி 99,995 பேரில் ஒரு விழுக்காட்டுக்குத் தவறாக மணி அடிக்கும். அது ஏறத்தாழ 1,000 பேர்.
4. ஆக, 1,005 முறை மணி அடித்தால் 5 முறைதான் உண்மை. 200 பேரை நிறுத்தினால் 199 பேர் நிரபராதி.
5. தவறான மணியைக் குறைக்க அளவுகோலை இறுக்கினால், உண்மையான ஐவரில் சிலர் தப்புவார்கள். இரண்டையும் ஒருசேரக் குறைக்க மென்பொருளும் படத்தின் தரமும் மேம்பட வேண்டும். பழைய கேமரா, மங்கிய வெளிச்சம், மேலிருந்து பார்க்கும் கோணம் மூன்றும் அதைக் கெடுக்கும்.

இது வெறும் தாள்கணக்கு அல்ல. 2017-இல் கார்டிஃப் நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தின்போது வேல்ஸ் போலீஸின் கருவி 2,470 முறை எச்சரித்தது. அதில் 2,297 தவறு. மேலும், அமெரிக்கத் தர நிர்ணயக் கழகம் 2019-இல் ஏராளமான மென்பொருள்களைச் சோதித்தபோது, பலவற்றில் ஆப்பிரிக்க, கிழக்காசிய முகங்களுக்குத் தவறான பொருத்தம் மிகக் கூடுதலாக வந்தது. தென்னாசிய முகங்களுக்கும் வெள்ளையர்களைவிடக் கூடுதல். பிரிக்ஃபீல்ட்ஸிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ கேமரா வைக்கும்போது, எந்த முகங்களை வைத்துச் சோதித்தார்கள் என்று நகராட்சியிடம் கேட்பது நம் உரிமை.

"பெயரை நீக்கிவிட்டோம்" என்ற உத்தரவாதத்துக்கும் அளவு உண்டு. 15 லட்சம் பேரின் கைப்பேசி நகர்வுகளை வைத்து 2013-இல் வெளிவந்த ஆய்வில், நேரமும் கோபுரமும் சேர்ந்த நான்கு புள்ளிகள் போதும், 95 விழுக்காட்டினரைத் தனித்துப் பிரித்துவிடலாம் என்று தெரிந்தது. இரவு எங்கே தூங்குகிறது, காலை எங்கே வேலைக்குப் போகிறது, வெள்ளிக்கிழமை எந்தக் கோவில் பக்கம் நிற்கிறது என்று தெரிந்தால் கைப்பேசியின் உரிமையாளர் பெயரைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இங்கே கைகொடுக்காது. மத்திய, மாநில அரசுகளுக்கு அது பொருந்தாது என்று அதன் 3-ஆம் பிரிவே சொல்கிறது.

செய்தி வரும்போதும் திட்டம் வரும்போதும்

முதல் மூன்று நாள் செய்தியில் நடந்த இடம், நேரம், காயமடைந்தோர் இவற்றை ஏற்கலாம். எந்த அமைப்பு, என்ன நோக்கம், எத்தனை பேர் சதி என்பவற்றைப் பென்சிலில் எழுதி வையுங்கள். குற்றச்சாட்டு நீதிமன்றத்தில் வாசிக்கப்படும் நாளில், எந்தப் பிரிவின்கீழ் என்று பார்த்தால் போலீஸ் முதல் நாள் சொன்னதில் எவ்வளவு நின்றது என்று தெரியும். ஆள் படம் மட்டும் வந்தால் அனுப்பாதீர்கள். வழக்கு முடிந்த செய்தியைத் தேடிப் பிடித்து அதே குழுவில் போடுங்கள்.

புதிய கண்காணிப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டால்:

1. ஒருவரையா, எல்லாரையுமா?
2. அனுமதி தருபவர் நீதிபதியா, அதே துறையின் அதிகாரியா?
3. தரவு எத்தனை நாள் இருக்கும், யார் அழிப்பார், அழித்ததை யார் பார்ப்பார்?
4. இதை வேறு எந்தக் குற்றத்துக்குப் பயன்படுத்தலாம்? அறிவிப்பில் பார்க்காதீர்கள், சட்டத்தின் அட்டவணையில் பாருங்கள்.
5. தவறாகப் பிடிபட்டவர் எங்கே முறையிடலாம், இழப்பீடு உண்டா?
6. காலாவதி தேதி இருக்கிறதா?

ஆறாவது கேள்விக்கு சொஸ்மாவே எடுத்துக்காட்டு. 28 நாள் காவல் பிரிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் புதுப்பிக்க வேண்டும். 2017-இல் புதுப்பித்தார்கள். 2022 மார்ச்சில் மக்களவையில் 84-க்கு 86 என்று தோற்றது. அப்போது ஐம்பது பேர்வரை அவையில் இல்லை. ஜூலையில் மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். இப்போதுள்ள ஏற்பாட்டின்படி அது 2027 ஜூலை 31 வரை. வாக்கெடுப்பு வருமுன் உங்கள் தொகுதி எம்பியிடம் எழுத்தில் மூன்று எண்களைக் கேட்கலாம்: இந்த ஐந்தாண்டில் 28 நாள் காவலில் வைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களில் பயங்கரவாதப் பிரிவில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் எத்தனை? குற்றம் உறுதியானவர்கள் எத்தனை? எம்பிக்கள் இந்தக் கேள்விகளை மக்களவையில் உள்துறை அமைச்சிடம் எழுப்பி எழுத்துப்பூர்வ பதில் பெற முடியும். அந்தப் பதில் அவைக் குறிப்பில் ஏறும்.